பழவேற்காட்டு மடிக்கணினியின் சரித்திரம்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையில், உப்புக் காற்றும் கருவாட்டு வாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொண்டு வர, பழவேற்காட்டை அடையும் பிரயாணிகளுள் பெரும்பாலோர் அங்கே முதலில் விசாரிப்பது டச்சுக்காரர்களைப் பற்றித்தான். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கி வைக்கப்பட்டுள்ள இரண்டு எலும்புக்கூடுகளையும், 1613-ஆம் ஆண்டில் எழுந்து இன்று புதரும் அகழியின் சுவடுமாக எஞ்சிக் கிடக்கும் கெல்டிரியாக் கோட்டையின் ஸ்தலத்தையும் பார்த்துவிட்டு, வறுத்த இறாலின் ருசி நாவில் நிற்க, மாலைப் பேருந்தில் அவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; நானும் முதல் முறை அப்படித்தான் திரும்பினேன். ஆயினும் இங்கே நான் சொல்லப் புகுந்திருப்பது கோட்டையின் சரித்திரமன்று. அக்கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களின் வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில், ரேஷன் அட்டைக்கும் படகுப் பதிவுப் பத்திரத்துக்கும் பக்கத்தில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும் மடிக்கணினியின் சரித்திரம் இது. சுமார் பதினைந்து ஆண்டு வயதுள்ள ஒரு பொருளுக்குச் சரித்திரம் ஏது என்று சிலர் கேட்கலாம். கணினிகளின் ஆயுட்கணக்கை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அந்த யந்திரத்தின் ஜனன தினத்தைத் துல்லியமாகவே குறிக்க முடியும். 2011 செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்த நாளன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள காக்களூரில், விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, ஆடு, மாடு ஆகியவற்றோடு ஒரே மேடையில் மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். ஆட்டோடும் மாட்டோடும் கணினி ஒரு பட்டியலில் வந்ததைக் கண்டு நகரத்துப் பத்திரிகைகளில் பரிகாசம் செய்தவர்கள் உண்டு. மீன் விற்ற காசில் பிள்ளையைப் பொன்னேரிக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்க்கு அந்தப் பட்டியலில் விபரீதம் எதுவும் தோன்றியிருக்காது. ஆடும் சம்பாதித்துக் கொடுக்கும், கணினியும் சம்பாதித்துக் கொடுக்கும் என்பதே அவளுடைய கணக்கு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்றோருக்கும், அத்தகைய கல்லூரிகளில் பயின்றோருக்கும், அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த யந்திரங்கள், மாநில முத்திரையைத் தாங்கி, அடுத்த சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் ஏறத்தாழ 50 லட்சம் அளவில் போய்ச் சேர்ந்தன. தொடக்க காலத்து யந்திரங்களில் இருந்தது 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டுமே. அவற்றுள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்கள் ஒரே வீட்டில் இரு குடித்தனம்போல் ஒருங்கே வசித்தன; யந்திரத்தைத் திறந்தவுடன், எந்தக் குடித்தனத்தின் கதவைத் தட்டுவது என்று அது கேட்கும்.

அதற்கு முன்னர் மீனவர் குப்பங்களில் கணினியே கால் வைத்ததில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினம் என்னும் மீனவர் கிராமத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி வழியே கரை முழுவதும் கேட்கும்படி அறிவித்து வந்தார்கள். எங்கோ ஒரு வல்லரசு தன் யுத்தக் கப்பல்களின் க்ஷேமத்துக்காகச் சேகரித்த செய்தி, கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்று நிற்கும் ஒருவனுக்கு உபயோகமாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை அவ்வூர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுவதும் பரப்பியதனால் பல உயிர்கள் தப்பின. எனினும் அவையெல்லாம் ஊருக்குப் பொதுவான யந்திரங்கள்; கோயில் மணிபோல, பஞ்சாயத்து வானொலிபோல. ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லித் துணி சுற்றி வைத்துக்கொண்ட முதல் கணினி, பெரும்பாலான குப்பத்து வீடுகளில், காக்களூரில் தொடங்கிய அந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

உடைமை ஆகிவிட்ட பொருளுக்கு மூப்பும் வந்துதானே தீரும்? கடற்கரையில் அது சற்று முன்கூட்டியே வருகிறது. இரும்பு ஜன்னல் கம்பியையே சில ஆண்டுகளில் பொரித்த அப்பளம்போல் ஆக்கிவிடும் உப்புக் காற்று, யந்திரத்தின் உள்ளே இருக்கும் செப்பு இணைப்புகளை மட்டும் தாட்சணியத்துடன் நடத்துமா? முதலில் மின்கலம் உயிரை விட்டது. மின்கம்பியோடு பிணைத்தே யந்திரத்தை ஓட்டும்படி ஆயிற்று. பிறகு மடக்கும் கீல் தளர்ந்தது. அப்புறம்தான் அந்தப் பொதுவான நோய் வந்தது: பொத்தானை அழுத்திவிட்டு, தேநீர் போட்டு, ஆற்றிக் குடித்து முடித்த பிறகும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும் மந்தகதி. ‘சிஸ்டம் ஸ்லோ’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் குப்பத்துப் பேச்சில் குடியேறியது இந்தப் பருவத்தில்தான்.

அந்த மந்தகதியின் காரணத்தைப் பழவேற்காட்டு மனிதருக்கு விளக்குவது மிகவும் சுலபம் என்று கண்டிருக்கிறேன். வடக்கே ஆந்திரம் வரை நீண்டு, மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரியும் அந்த ஏரி, இந்திய உப்புநீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமை உடையது. ஆனால் தெற்கே அது கடலோடு மூச்சு விடுவது ஒரு குறுகலான முகத்துவாரத்தின் வழியே. அந்த முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால், ஏரி எவ்வளவு விசாலமாயிருந்தும் பயனில்லை. நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, மீன்பாடு குறையும், கடலுக்குப் போக வேண்டிய படகும் தவித்து நிற்கும். பழைய மடிக்கணினியில் கணிப்பு செய்யும் பகுதி ஏரியைப் போன்றது; வன்தட்டு அதன் முகத்துவாரம். கணிக்கும் பகுதிக்குச் சக்தி இருக்கிறது. ஆனால் அது கேட்கும் ஒவ்வொரு செய்தியும் அந்தத் தட்டிலிருந்து வந்தாக வேண்டும். தட்டோ நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை, சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு முள், எழுதியிருக்கும் இடத்தைத் தேடி அங்குமிங்கும் ஓடுகிறது. பத்து இடங்களில் சிதறிக் கிடக்கும் பத்துச் செய்திகளை எடுக்க அது பத்து முறை ஓட வேண்டும். யந்திரம் புதிதாயிருந்தபோதும் அது அப்படித்தான் ஓடியது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மென்பொருள்களின் பசி பெருகிக்கொண்டே போக, முள்ளின் கால் மட்டும் பழைய கால்தான்.

இந்தச் சுழலும் தட்டுக்கும் ஒரு வம்ச சரித்திரம் உண்டு. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியோடு வந்த முதல் தட்டுப் பெட்டியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள். காக்களூர் மடிக்கணினியின் உள்ளே, உள்ளங்கை அளவில் இருந்த தட்டு அதைப்போல் 64,000 மடங்கு கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மனித புத்தியின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் சுழல்வது சுழல்வதுதான். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் கண்ட ஃபிளாஷ் நினைவகம், சுழற்சியே இல்லாத, அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாத சேமிப்பைச் சாத்தியமாக்கியது. காலக்கிரமத்தில் அது எஸ்.எஸ்.டி. என்னும் பெயரோடு கடைகளுக்கு வந்தபோது, அதைச் செய்தவர்கள் ஒரு விவேகமான காரியம் செய்தார்கள்: இரண்டரை அங்குல வன்தட்டின் அதே அளவு, அதே திருகுத் துளைகள், அதே இணைப்பு வாய் என்று பழைய உடம்பின் சட்டையையே புதிய உயிருக்கும் அணிவித்தார்கள். அந்த ஒரு தீர்மானம் இல்லாவிடில் உலகெங்கும் கோடிக்கணக்கான பழைய மடிக்கணினிகள் எடைக்கு எடை பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும்.

உடம்பை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மாற்றுவது இந்தக் குப்பங்களுக்குப் புதிய பாடமன்று. கட்டுமரம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ஆணி அடியாமல் கயிற்றால் கட்டப்படும் அந்த மரங்கள், கரை சேர்ந்ததும் அவிழ்க்கப்பட்டு வெயிலில் உலர்த்தப்படும். கட்டு என்பது அவிழ்க்கக் கூடியதாதலால், ஊறிக் கனத்த மரம் ஒன்றை மட்டும் விலக்கி வேறொன்றைச் சேர்ப்பதற்குத் தடை கிடையாது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, மரத்தின் ஸ்தானத்தை அவை பிடித்துக்கொண்ட பின்பும், உடம்பு ஒருவயது, எஞ்சின் ஒருவயது, வலை ஒருவயது என்றே ஒவ்வொரு படகும் ஜீவிக்கிறது. எஞ்சின் போய்விட்டது என்பதற்காகப் படகைக் கொளுத்துபவர் யாருமில்லை. மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்றவுடன் புதியது வாங்கு என்று உபதேசிக்கும் நகரத்து விளம்பரத்தைக் காட்டிலும், எதை மாற்றினால் ஓடும் என்று கேட்கும் குப்பத்துக் கேள்வியே எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு யந்திரம் பிரயாணம் செய்யும் வழி, பொன்னேரிக் கடைகளில் தொடங்கி, பல சமயம் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் முடிகிறது. ஒரு ஆள் ஒதுங்கி நிற்கக்கூட இடமில்லாத அந்தக் கடைகளின் முன் பலகைகளில் சிகிச்சை நடக்கும் விதத்தை நின்று பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். மின்கலத்தைக் கழற்றுகிறார்கள், அடிப்பாகத்துத் திருகுகளை, எது எந்தத் துளைக்கு உரியது என்று மறவாதபடி, பலகையின்மேல் யந்திரத்தின் வடிவத்திலேயே பரப்பி வைக்கிறார்கள், பழைய தட்டை அதன் தகரத் தொட்டிலோடு பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கிறார்கள், தொட்டிலை மாற்றி, எஸ்.எஸ்.டி.யைச் செருகுகிறார்கள். அத்தருணத்தில் நினைவகத்தையும் 4 ஜிபியாகவோ 8 ஜிபியாகவோ உயர்த்திவிடுவது உத்தமம். பிறகு, இயங்குதளம் ஏற்றிய ஒரு பென் டிரைவைச் செருகி, யந்திரம் கண் விழிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையை மாற்றி, ‘ஓ.எஸ். போடும்’ காரியம் தொடங்குகிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல வலைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான். திரும்பி வந்த யந்திரத்தைத் திறந்தவுடன், தேநீர் போட அடுப்படிக்குப் போனவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அது தயாராகிவிடுவதைக் கண்டு வீட்டார் அடையும் வியப்பு, புதுக் கணினி வாங்கியவர்கள் அறியாதது.

எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதில்தான் சரித்திரம் குறுக்கிடுகிறது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திக்கொண்டபோது, தமிழக அரசே தன் அலுவலகங்களில் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாஸ் என்பது, 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சிடாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளுக்கு ஏற்றவாறு அமைத்தது. குப்பத்து மடிக்கணினிகளில் அது ஏற்கெனவே ஒரு குடித்தனமாக இருந்தும், அதன் கதவைத் தட்டியவர் சொற்பம். பக்கத்து வீட்டு விண்டோஸே சகல உபசாரங்களையும் பெற்று வந்தது. 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கும் அந்திமக் காலம் குறிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்துக் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, அலமாரியில் உறங்கிய யந்திரங்களைத் தூசி தட்டி எழுப்ப வேண்டிய அவசியம் பல வீடுகளுக்கு நேர்ந்தது. எழுப்பப்பட்டவை பாதி உயிரோடும் காலாவதியான இயங்குதளத்தோடும் எழுந்தன. விண்டோஸ் 10 சில காலம் அபயம் அளித்தது. அதற்கும் 2025 அக்டோபர் 14 கடைசி நாளாயிற்று. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும் புதிய தலைமுறைக் கணிப்பியும் இல்லாத யந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரும் தட்டாத அந்தப் பக்கத்துக் கதவு, ஏதேனும் ஒரு லினக்ஸின் கதவு, இன்று இந்த யந்திரங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே நேர்வழியாகிவிட்டது. இதைப் பழிவாங்கல் என்று சொல்ல மாட்டேன். பொறுமையின் பலன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றியது. இனிச் சொல்லப்போவது ஞாபகத்தைப் பற்றியது. அதை என் சொந்த அசட்டுத்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. முறை என்பதும் பாடுதான், கிடைக்கும் மீனும் பாடுதான், மனிதன் படுவதும் பாடுதான். ஒரே சொல்லில் ஒரு தொழிலின் முழு வாழ்வையும் நம் மொழி அடக்கி வைத்திருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீர்ப்பகுதிகளில், எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை நாட்டுவது என்பதை, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பத்தாரும் தமக்குள் முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் தீர்மானித்துக்கொண்ட புராதன ஏற்பாடு அது. நல்ல இடத்தை வலியவனே எந்நாளும் பிடித்துக்கொள்ளாதபடி தடுத்தது அதன் தர்மம். அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற ஏனைய குப்பத்தாருக்கும் பிற சாதியாருக்கும் பங்கு மறுத்தது அதன் குறை. பிற்காலத்தில் சச்சரவுகளும் பேச்சுவார்த்தைகளும் எழுந்ததற்கு அந்தக் குறையே காரணம். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டின் ஜீவன் பெரியவர்களின் ஞாபகத்திலும், கோடு போட்ட நோட்டுகளிலும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்த் திரிந்தபோது, பாட்டின் பெயர்களையும், முறை வரிசைகளையும், பெரியவர்கள் சொன்ன விவரங்களையும் குறித்து வந்து, வீட்டிலிருந்த மேஜைக் கணினியில், அக்காலத்தில் வழங்கிய ஒரு தமிழ் எழுத்துருவில், பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்தேன். எக்ஸ்பியின் அந்திமக் காலம் வந்தது. ஒரு கடையில் கொடுத்து வன்தட்டையும் இயங்குதளத்தையும் மாற்றச் சொன்னேன். கோப்புகளை எல்லாம் பத்திரமாகப் பேக்கப் எடுத்துப் புதிய தட்டில் சேர்த்திருந்தார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து திறந்தேன். என் பாட்டுக் குறிப்புகள் முழுவதும் ஆங்கில எழுத்துகளும், நாணயக் குறிகளும், அரைப்புள்ளிகளும் கலந்த பைத்தியக்காரப் பிரலாபமாக என்னை நோக்கி விழித்தன.

நடந்தது என்னவென்றால், அக்காலத்து எழுத்துருக்கள் தமிழுக்கென்று கணினிக்குள் தனி இடம் கேளாமல், ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தன. கணினி உள்ளே எழுதி வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத புதிய இயங்குதளத்தில் வேஷம் கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் வெவ்வேறு இருக்கை ஏற்பாடு செய்திருந்தபடியால், ஒன்றில் எழுதியது இன்னொன்றிலும் வராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அங்கீகாரம் பெற்றன. யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தும், விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவோடு அது வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அதன் பயன் தெரியலாயிற்று. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்று அரசு ஆணை பிறந்தது. அதன் பின்னும் வானவில் முதலிய பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களிலும் டி.டி.பி. நிலையங்களிலும் நெடுங்காலம் உயிரோடிருந்தன. மடிக்கணினித் தலைமுறை யூனிகோடு யுகத்தில் பிறந்தது; ஆனால் அவர்களுடைய யந்திரங்களிலும், ஊர்க் கூட்டத்துத் தீர்மானம், கோயில் திருவிழா வரவு செலவு, மாதா கோயில் அழைப்பிதழ் என்று டி.டி.பி. நிலையத்திலிருந்து பென் டிரைவில் வந்து சேர்ந்த பழைய எழுத்துக் கோப்புகள் உண்டு. ஓ.எஸ். மாற்றும் நாளில் புகைப்படங்களைக் கேட்டு வாங்குகிற வீட்டார், எழுத்துருக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைப் பற்றி நினைப்பதில்லை. இரண்டு குடித்தனம் இருந்த தட்டில், ஒரு குடித்தனத்தை மட்டும் காலி செய்வதாக எண்ணி முழு வீட்டையும் ‘ஃபார்மட்’ செய்துவிட்ட சோகக் கதைகளும் நான் கேட்டதுண்டு.

என் குறிப்புகள் ஆறு மாதம் பிரலாபமாகவே கிடந்தன. ஒரு நண்பரின் மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய குறுந்தகட்டில் அந்த எழுத்துரு அகப்பட்டது. பெரும் பகுதி மீண்டது. சில பக்கங்கள் மீளவில்லை. அவற்றைச் சொன்ன பெரியவர்களும் இப்போது இல்லை.

அப்போதுதான் டச்சுக்காரர்கள்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை உண்டாயிற்று. பழவேற்காட்டில் அவர்கள் வெடிமருந்து செய்தார்கள், துணி வாங்கினார்கள், மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்; இவற்றுக்காக அவர்களைப் புகழ்வதற்கு ஏதுமில்லை. ஆனால் எழுதிய கடிதத்துக்கு நகல் எடுக்காமல் அவர்கள் உறங்கியதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவுக்கும் தாய்நாட்டுக்கும் போன கடிதங்களும் கணக்குகளும் பிரதி எடுக்கப்பட்டு, ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று சேரட்டும் என்று வெவ்வேறு கலங்களில் அனுப்பப்பட்டன. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பின்னர் பழவேற்காட்டுக்கே திரும்பினார்கள். 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இடிந்து மண்ணாயிற்று. அங்கே எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதியோ ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில், இன்றும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அந்த ஆவணத் தொகுதியை 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. டச்சுக்காரன் பழவேற்காட்டில் எத்தனை பொதி துணி வாங்கினான் என்பதை அறிய ஏடு இருக்கிறது. கோட்டைக்குப்பத்தார் எந்த வரிசையில் வலை நாட்டினார்கள் என்பதை அறிய, எழுத்துரு கழன்ற ஒரு கோப்பு இருக்கிறது.

2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குப் புதிய சாதனம் என்று அரசு அறிவித்திருக்கிறது. புதியது வரும்போது, அக்காளுடைய பழையது தம்பிக்கும், தம்பியினுடையது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இறங்கும். இறங்கும் வழியில் ரிச்சி தெருவுக்கும் ஒரு முறை போய் வரும். அப்படிப் போகும்முன் ஒரு மணி நேரம் செலவழிக்குமாறு வாசகர்களை, முக்கியமாகக் கடற்கரை வாசகர்களை, வேண்டிக்கொள்கிறேன். கோப்புகளோடு எழுத்துருக்களையும் நகல் எடுங்கள். பழைய எழுத்தில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றி ஒரு பிரதி வையுங்கள். கழற்றிய வன்தட்டை எடைக்குப் போடாமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு யுஎஸ்பி கம்பி பூட்டினால் அது மந்தகதியிலேனும் பல காலம் உழைக்கும். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

என்னிடம் மிஞ்சிய பாட்டுக் குறிப்புகளின் ஒரு பிரதி, காக்களூர் வரிசை மடிக்கணினியிலிருந்து கழற்றிய 320 ஜிபி தட்டு ஒன்றில், கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டு அலமாரியின் மேல்தட்டில், படகுப் பதிவுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.